இனப்பெருக்கத்தில் கொழுப்புச் சமிக்ஞைகள்: மாட்டில் கண்டதை மனிதருக்கு எவ்வளவு தூரம் பொருத்தலாம்?

ஆய்வு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். சூலகத்திலும் கருப்பையிலும் கொழுப்பிலிருந்து உருவாகும் சமிக்ஞை மூலக்கூறுகளைப் பற்றிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒரு சிக்கல் பெரிதாகிக்கொண்டே போகிறது. நூல்களில் உள்ள செய்திகளில் பெரும்பகுதி பசு, செம்மறி, பன்றி, எலி ஆகியவற்றில் கண்டறியப்பட்டவை. ஆனால் அவை ‘பாலூட்டிகளில்’ என்ற பொதுச்சொல்லோடு எழுதப்பட்டு, மனிதப் பெண்ணுக்கும் அப்படியே உரியவை போலப் படிக்கப்படுகின்றன. புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற கொழுப்புச் சமிக்ஞைகளில் ஒன்றான, கருப்பை சுரக்கும் பிஜிஎஃப்2 ஆல்ஃபாதான், கருமுட்டை வெளியேறிய பின் சூலகத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியை அழித்து அடுத்த சுழற்சிக்கு வழிவிடுகிறது என்று படிக்கிறோம். அப்படியானால், கருப்பை அகற்றப்பட்டுச் சூலகங்கள் மட்டும் விட்டுவைக்கப்பட்ட பெண்ணின் உடலில் ஹார்மோன் சுழற்சி தொடர்ந்து நடப்பது எப்படி?

எந்தச் செய்தியை இனம் கடந்து நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதற்கு ஏதேனும் அளவுகோல் உண்டா? கால்நடை மருத்துவத்திலும் மகப்பேறு மருத்துவத்திலும் பணியாற்றுவோர் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

கால்நடை மருத்துவர்:

நல்ல கேள்வி. விடையின் முதற்பகுதி வேதியியலில் இல்லை. இரத்தக் குழாய்களின் அமைப்பில் இருக்கிறது.

1923-ஆம் ஆண்டிலேயே லியோ லோப் என்ற ஆய்வாளர், கினிப் பன்றியின் கருப்பையை அகற்றினால் கார்பஸ் லூட்டியம் வழக்கமான காலத்தில் அழியாமல் நீடிப்பதைக் கண்டார். பசுவிலும் செம்மறியிலும் பன்றியிலும் இதுவே நடக்கிறது. இதைவிட நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பசுவிலோ செம்மறியிலோ கார்பஸ் லூட்டியம் இருக்கும் பக்கத்துக் கருப்பைக் கொம்பை மட்டும் அகற்றினாலே போதும், அது அழியாமல் நிற்கும். எதிர்ப்பக்கக் கொம்பை அகற்றினால் அது உரிய காலத்தில் அழிந்துவிடும். அதாவது அழிக்கும் ஆணை உடலைச் சுற்றி வரவில்லை; அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

சூலகத் தமனி கருப்பைச் சிரையின் மேல் நெளிந்து நெளிந்து, அதன் சுவரோடு ஒட்டியபடி ஓடுவதுதான் இதற்குக் காரணம். இரண்டு சுவர்களும் அந்த இடத்தில் மெல்லியவை. கருப்பையிலிருந்து வெளியேறும் சிரை இரத்தத்தில் செறிவாக இருக்கும் பிஜிஎஃப்2 ஆல்ஃபா, சுவர்களின் ஊடாகத் தமனிக்குள் கசிந்து, இதயத்துக்குப் போகாமலே சூலகத்தை அடைகிறது. இந்தக் குறுக்கு வழி இல்லாவிட்டால் அதனால் பயன் இருந்திருக்காது. ஏனெனில், செம்மறியில் நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள் அந்த மூலக்கூறில் 90 விழுக்காட்டுக்கும் மேல் செயலிழந்துவிடுகிறது. செம்மறியின் கார்பஸ் லூட்டியத்தை அழிப்பது பிஜிஎஃப்2 ஆல்ஃபாதான் என்பது 1972-இல் வெளியான ஆய்வோடு ஏறத்தாழ உறுதியாயிற்று.

இந்த ஆணை எப்போது புறப்படுகிறது என்பதும் அழகான ஏற்பாடு. கார்பஸ் லூட்டியம் சுரக்கும் புரோஜெஸ்டரோன் ஹார்மோன் பத்து நாட்களுக்கும் மேலாகத் தொடர்ந்து கருப்பையின் மேல் செயற்படும்போது, அது தனக்கான ஏற்பிகளையே (சமிக்ஞையைப் பெறும் புரதங்களையே) அங்கே குறைத்துக்கொள்கிறது. அந்தத் தடை தளர்ந்ததும் கருப்பையின் உட்சுவரில் ஆக்சிடோசின் ஏற்பிகள் பெருகுகின்றன. ஆக்சிடோசின் வந்து சேரும்போதெல்லாம் பிஜிஎஃப்2 ஆல்ஃபா ஒரு துடிப்பாக வெளியேறுகிறது. அது சூலகத்தை அடைந்ததும் கார்பஸ் லூட்டியம் தன்னிடம் உள்ள ஆக்சிடோசினை இன்னும் வெளியிடுகிறது. சில மணி நேர இடைவெளியில் இப்படிப் பலமுறை நிகழ்ந்தால்தான் அழிவு முழுமையடையும்.

பெண் குதிரையில் இந்தக் குறுக்கு வழி இல்லை. அங்கே பிஜிஎஃப்2 ஆல்ஃபா பொது இரத்த ஓட்டத்தின் வழியாகவே சூலகத்துக்குப் போகிறது. அதற்கேற்ப அங்குள்ள கார்பஸ் லூட்டியம் மிகுந்த உணர்திறன் கொண்டது. ஏறத்தாழ ஒரே எடை உள்ள பசுவுக்கு 25 மில்லிகிராம் டைனோபுரோஸ்ட் (மருந்து வடிவிலான பிஜிஎஃப்2 ஆல்ஃபா) கொடுக்கிறோம் என்றால், குதிரைக்கு 5 முதல் 10 மில்லிகிராமே போதும். மூலக்கூறு ஒன்றே என்றாலும் வழி மாறும்போது அளவும் மாறிவிடுகிறது.

மகப்பேறு மருத்துவர்:

மனிதரைப் பற்றி நான் சேர்க்கிறேன். பெண்ணின் கார்பஸ் லூட்டியம் கருத்தரிக்காத சுழற்சியில் ஏறத்தாழ 14 நாட்கள் வாழ்கிறது. அந்தக் காலக்கெடுவைத் தீர்மானிப்பதில் கருப்பைக்குப் பங்கில்லை. ஆகவேதான் கருப்பை அகற்றிய பின்னும் சூலகச் சுழற்சி தொடர்கிறது. பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச். ஹார்மோனின் ஆதரவுக்குக் கார்பஸ் லூட்டியம் நாளடைவில் குறைவாகவே பதிலளிப்பதும், அதன் உள்ளேயே உருவாகும் புரோஸ்டாகிளாண்டின்களும் சேர்ந்து அதன் முடிவைக் கொண்டுவருகின்றன என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். கரு பதிந்துவிட்டால், அது சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் எல்.எச். ஏற்பிகளையே பிடித்துக்கொண்டு கார்பஸ் லூட்டியத்தைக் காப்பாற்றுகிறது.

1970-களில் பசுவில் கிடைத்த வெற்றியைப் பார்த்து, பெண்களின் கார்பஸ் லூட்டியத்தையும் பிஜிஎஃப்2 ஆல்ஃபா மூலம் அழிக்கலாம் என்று முயன்றனர். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. கருப்பைத் தசைச் சுருக்கமும் குமட்டலும்தான் மிஞ்சின. தாங்கள் கேட்ட ‘அப்படியே பொருத்தலாமா’ என்ற கேள்விக்கு அன்றே கிடைத்த விடை இது.

ஆனால் அதே மூலக்கூறு பெண்ணின் கருப்பையில் வேலையற்று இருக்கிறது என்று பொருளல்ல. புரோஜெஸ்டரோன் வீழ்ந்ததும் கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின்களை உருவாக்கும் காக்ஸ்-2 நொதி பெருகி, பிஜிஎஃப்2 ஆல்ஃபாவும் பிஜிஇ2 என்ற மற்றொரு புரோஸ்டாகிளாண்டினும் மிகுதியாக உருவாகின்றன. தசை இறுகுகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, வலி எழுகிறது. மாதவிடாய் வலிக்கு, காக்ஸ் நொதியைத் தடுக்கும் மெஃபனமிக் அமிலமும் இபுபுரோஃபெனும் நன்றாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். வலி மட்டுமன்றி இரத்தப்போக்கும் அவற்றால் குறைகிறது. மாதவிடாய் வலியைப் ‘பொறுத்துக்கொள்ள வேண்டியது’ என்று பெண்களிடம் இன்னும் சொல்லப்படுவதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதன் வேதியியல் அரை நூற்றாண்டாகத் தெரிந்ததே.

உயிர்வேதியியல் ஆசிரியர்:

இதுவரை வேறுபாடுகளே முன்வைக்கப்பட்டுள்ளன. நான் மறுபக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் வேறுபாடுகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் எலியிலோ பசுவிலோ செய்யும் ஆய்வு மனிதருக்குப் பயன்படாது என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

அடிப்படை இயந்திரம் எல்லாப் பாலூட்டிகளிலும் ஒன்றே. செல் சவ்வின் பாஸ்போலிப்பிடுகளிலிருந்து, 20 கார்பன்களும் 4 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட அராக்கிடோனிக் அமிலத்தைப் பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதி விடுவிக்கிறது. அதைக் காக்ஸ் நொதிகள் பிஜிஎச்2 என்ற இடைநிலைப் பொருளாக மாற்றுகின்றன. அந்தச் செல்லில் அடுத்து எந்த நொதி காத்திருக்கிறதோ அதற்கேற்ப பிஜிஇ2, பிஜிஎஃப்2 ஆல்ஃபா, புரோஸ்டாசைக்ளின், துராம்பாக்சேன் என்று பிரிகிறது. 1929-இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியினர் உணவிலிருந்து கொழுப்பை அறவே நீக்கி எலிகளை வளர்த்தபோது நோய்க்குறிகள் தோன்றின; அதைத் தொடர்ந்த அவர்களது ஆய்வுகளில் இனப்பெருக்கச் சீர்குலைவும் பதிவாயிற்று. சில கொழுப்பு அமிலங்கள் உணவில் இருந்தே தீரவேண்டும் என்ற அறிவு அங்கிருந்து தொடங்கியது.

இனம் கடந்து நிற்கும் சான்றுக்குக் கருமுட்டை வெளியேறும் நிகழ்வையே காட்டுகிறேன். எல்.எச். அலை எழுந்த பின், கருமுட்டையைத் தாங்கும் பையான ஃபாலிக்கிளின் உட்சுவரில் உள்ள கிரானுலோசா செல்களில் காக்ஸ்-2 தோன்றுகிறது. தூண்டலுக்குப் பின் அது தோன்ற எலிக்கு ஏறத்தாழ 4 மணி நேரமும், பசுவுக்கு 18 மணி நேரமும், குதிரைக்கு 30 மணி நேரமும் ஆகின்றன. ஆனால் அது தோன்றியதிலிருந்து கருமுட்டை வெளியேறும் வரையிலான இடைவெளி மூன்று விலங்குகளிலும் ஏறத்தாழ 10 மணி நேரமே! காத்திருக்கும் காலம் மாறுகிறது. காக்ஸ்-2 செயற்படத் தொடங்கிய பிறகு கடிகாரம் ஒன்றாகிவிடுகிறது. காக்ஸ்-2 மரபணு நீக்கப்பட்ட பெண் எலிகளில் கருமுட்டை வெளியேற்றம், கருவுறுதல், கருப்பதிதல் ஆகிய அனைத்தும் பழுதடைவதை 1997-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. குரங்குகளில் இண்டோமெத்தசின் என்ற மருந்தைக் கொடுத்துக் காக்ஸ் நொதியைத் தடுத்தபின், ஃபாலிக்கிளுக்குள் பிஜிஇ2-வைச் செலுத்தியபோது கருமுட்டை வெளியேறுவது மீண்டது. இத்தனை இனங்களில் ஒரே முடிவு வரும்போது, மனிதருக்கும் அது பொருந்தும் என்று கருதுவதில் தவறென்ன?

வாசகி:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. குழந்தைக்காக முயன்றுகொண்டிருப்பதால் இந்த இழையைக் கவனமாகப் படிக்கிறேன். மூட்டுவலிக்காக வலி நிவாரணி மாத்திரைகளை நாள்தோறும் எடுத்துக்கொள்கிறேன். மேலே சொல்லப்பட்டதைப் பார்த்தால் அவை கருமுட்டை வெளியேறுவதையே தடுத்துவிடுமா? அப்படியானால் கர்ப்பிணிகள் சிலருக்கு ஆஸ்பிரின் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

மகப்பேறு மருத்துவர்:

அம்மா, இதில் உயிர்வேதியியல் ஆசிரியரின் கூற்று மனிதரிடமும் உண்மையாகிறது. ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகளை (இபுபுரோஃபென் போன்ற வலி நிவாரணிகளை) தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் சில பெண்களில், எல்.எச். அலை எழுகிறது, புரோஜெஸ்டரோன் உயர்கிறது, அடுத்த மாதவிடாயும் உரிய நாளில் வருகிறது. ஆனால் ஃபாலிக்கிள் மட்டும் வெடிப்பதில்லை, கருமுட்டை உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் பார்ப்பவருக்குச் சுழற்சி ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். அடுத்தடுத்த நாட்களில் எடுக்கும் ஸ்கேனில்தான் உண்மை தெரியும். மருந்தை நிறுத்தினால் இந்நிலை மாறிவிடக்கூடியது என்பது ஆறுதலான செய்தி. தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடாமல், குழந்தைக்காக முயல்கிறேன் என்பதைத் தங்கள் மூட்டு மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாற்று வழிகள் உள்ளன. இந்தக் கேள்வியைக் கேட்காமலே கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போகும் பெண்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு.

கர்ப்ப காலத்தில் நிலைமை வேறு. 20-ஆவது வாரத்திலிருந்து இவ்வகை மருந்துகளைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரில் எச்சரித்தது. கருவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம் என்பதே காரணம். கர்ப்பத்தின் பிற்பகுதியில், கருவின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய தமனி நாளம் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. அந்த நாளத்தைத் திறந்து வைத்திருப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான்.

குறைந்த அளவு ஆஸ்பிரின் இதற்கு முரணானதல்ல. இரத்தத் தட்டுகளுக்கு உட்கரு இல்லை. ஆஸ்பிரின் அவற்றின் காக்ஸ்-1 நொதியை ஒருமுறை முடக்கிவிட்டால், அந்தத் தட்டுகள் இருக்கும்வரை புதிய நொதியை உருவாக்க முடியாது. இரத்தக் குழாய்ச் சுவரின் செல்களோ மீண்டும் உருவாக்கிக்கொள்கின்றன. ஆகவே, குழாயை இறுக்கும் துராம்பாக்சேன் குறைந்து, விரிக்கும் புரோஸ்டாசைக்ளின் பெரும்பாலும் தப்பிக்கிறது. முன்சூல்வலிப்பு (கர்ப்ப காலத்தில் உயர் இரத்த அழுத்தத்தோடு வரும் நோய்) வரும் அபாயம் மிகுந்த பெண்களுக்கு 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி 36-ஆவது வாரம் வரை 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், குறைமாதத்திலேயே வரும் முன்சூல்வலிப்பு 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவர் பரிந்துரைத்திருந்தால் அச்சமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

பால்பண்ணையாளர்:

நான் கறவை மாடுகளை வளர்ப்பவன். ஆளி விதையையும் மீன் தூளையும் தீவனத்தில் சேர்த்தால் பிஜிஎஃப்2 ஆல்ஃபா குறைந்து, சினை தங்கும் என்று பல இடங்களில் படித்தேன். இதை நம்பிச் செலவு செய்யலாமா?

கால்நடை மருத்துவர்:

ஐயா, இதன் அடிப்படைக் கருத்து சரியானது. மீன் எண்ணெயில் உள்ள இபிஏ என்ற ஒமேகா-3 அமிலம், 20 கார்பன்களும் 5 இரட்டைப் பிணைப்புகளும் கொண்டது. அது அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைச் சவ்வில் பிடித்துக்கொண்டு, காக்ஸ் நொதிக்காகவும் அதனோடு போட்டியிடுகிறது. மீன் தூள் சேர்த்துத் தின்ற கறவை மாடுகளில் பிஜிஎஃப்2 ஆல்ஃபா வெளிப்பாடு குறைந்ததும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

ஆனால் மாட்டின் வாய்க்கும் கருப்பைக்கும் இடையே பெருவயிறு இருக்கிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள், நாம் கொடுக்கும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனைச் சேர்த்து, பெரும்பகுதியை நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. ஆளி விதையை அப்படியே கொட்டினால், அதிலுள்ள ஒமேகா-3 கருப்பைக்குப் போய்ச்சேரும் அளவு மிகவும் சொற்பம். கால்சியம் உப்பாகவோ வேறு வகையிலோ பாதுகாக்கப்பட்ட கொழுப்பாக இருந்தால் மட்டுமே ஓரளவு தப்பிக்கும். அதன் பிறகும் சினைப்பிடிப்பு விகிதத்தில் கிடைத்த முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. கன்று ஈன்ற பின் மாடு எவ்வளவு இளைக்கிறது, எவ்வளவு தின்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். பணத்தை அங்கே செலவிடுவதே நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘புரோஸ்டாகிளாண்டின் சினைக்கு எதிரி’ என்ற எண்ணமே பிழையானது. செம்மறியில் கரு 12-ஆம் நாளையொட்டி மிகச் சிறியதாக இருந்து, ஒரு வாரத்துக்குள் 10 சென்டிமீட்டரையும் தாண்டும் மெல்லிய இழையாக நீள்கிறது. இப்படி நீண்டால்தான் அது போதிய அளவு இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, ஆக்சிடோசின் ஏற்பிகள் தோன்றாமல் தடுத்து, கார்பஸ் லூட்டியத்தைக் காக்க முடியும். அந்தக் காலத்தில் கருப்பைக்குள் காக்ஸ் தடுப்பு மருந்தான மெலாக்சிகாமைச் செலுத்திப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தபோது, கரு நீளவே இல்லை. புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்தால் கருவையும் சேர்த்தே இழக்கிறோம்.

உயிர்வேதியியல் ஆசிரியர்:

பெருவயிற்றின் தடை மனிதருக்கு இல்லை. ஆகவே மாட்டில் தடுமாறும் ஒமேகா-3 பெண்களில் தடையின்றிச் செயற்படும் என்பதைத் தாங்கள் ஏற்கத்தானே வேண்டும்? பிரசவ வலியைத் தொடங்கிவைப்பதில் புரோஸ்டாகிளாண்டின்களுக்குப் பங்கு உண்டு என்பதால், குறைமாதப் பிரசவத்தை அது தள்ளிப்போட வேண்டும்.

மகப்பேறு மருத்துவர்:

தங்கள் எதிர்பார்ப்பை ஆதரிக்கும் சான்றும் உண்டு, தடுத்து நிறுத்தும் சான்றும் உண்டு. 70 ஆய்வுகளையும் ஏறத்தாழ 20,000 பெண்களையும் தொகுத்த 2018-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் அமைப்பு) மதிப்பாய்வில், ஒமேகா-3 எடுத்துக்கொண்டவர்களில் 37 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 13.4 விழுக்காட்டிலிருந்து 11.9 ஆகவும், 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 4.6-இலிருந்து 2.7 ஆகவும் குறைந்திருந்தன. அடுத்த ஆண்டே, ஆஸ்திரேலியாவில் 5,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ஒரே பெரிய ஆய்வில், 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. உடலில் ஏற்கெனவே ஒமேகா-3 குறைவாக உள்ள பெண்களுக்குப் பலன் கிடைக்கலாம், போதிய அளவு உள்ளவர்களுக்கு மேலும் கொடுப்பதால் நன்மை இல்லை என்பதே அதன் பின் எழுந்த கருத்து. மாட்டின் பெருவயிற்றுக்கு இணையான ஒரு தடை மனிதரிடமும் இருக்கிறது. அது அந்தப் பெண்ணின் உடலில் முன்பே உள்ள கொழுப்பு அமில நிலை. வேதிவினை அட்டவணையில் அது தெரியாது.

ஆய்வு மாணவி:

இந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் பயன்படுகிறது. இதோடு ஒட்டிய ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். கன்று ஈன்ற பின் இளைக்கும் உயர்கறவை மாட்டிலும், உடல் பருமன் உள்ள பெண்ணிலும் ஃபாலிக்கிள் நீர்மத்தில் கட்டற்ற கொழுப்பு அமிலங்கள் மிகுந்திருக்கின்றன என்று படித்தேன். ஒன்று இளைப்பு, மற்றொன்று பருமன். கருமுட்டைக்கு நேரும் தீங்கு மட்டும் ஒன்றாக இருக்குமா?

கால்நடை மருத்துவர்:

மாட்டையும் மனிதரையும் அருகருகே வைத்துப் பார்க்க மிகத் தகுந்த இடம் இதுதான் என்பது என் கருத்து.

கன்று ஈன்ற முதல் வாரங்களில் மாடு பாலாகக் கொடுக்கும் ஆற்றல், தீவனத்தில் கிடைப்பதைவிட அதிகம். ஈடுசெய்ய உடற்கொழுப்பு கரைகிறது. பாமிட்டிக், ஸ்டியரிக், ஒலியிக் அமிலங்கள் இரத்தத்தில் உயர்ந்து ஃபாலிக்கிள் நீர்மத்துக்குள்ளும் நுழைகின்றன. ஃபாலிக்கிள் நீர்மத்தில் அளந்த செறிவிலேயே இவற்றைச் சேர்த்துப் பசுவின் கருமுட்டைகளை ஆய்வுக்கூடத்தில் முதிரச் செய்தபோது, நிறைவுற்ற கொழுப்புகளான பாமிட்டிக்கும் ஸ்டியரிக்கும் முதிர்ச்சியையும் பின்னர் கரு வளர்வதையும் கெடுத்தன. ஒலியிக் அமிலம் உடன் இருந்தால் அந்தத் தீங்கு பெருமளவு தணிந்தது. ஒரு ஃபாலிக்கிள் வளர்ந்து முடிய வாரக்கணக்கில் ஆவதால், ஈன்ற உடனே பட்ட அடி, இரண்டு மூன்று மாதம் கழித்துச் சினை ஊசி போடும்போது வெளிப்படலாம்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது கருமுட்டையைச் சூழ்ந்திருக்கும் கியூமுலஸ் செல்களின் பணி. அவற்றில் உள்ள ஒரு நொதி, ஸ்டியரிக் அமிலத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பை ஏற்படுத்தி அதை ஒலியிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த நொதியைத் தடுத்துவிட்டால் கருமுட்டை அதே சூழலில் பாதிக்கப்படுகிறது. கொழுப்பு எவ்வளவு வருகிறது என்பதோடு, அதைத் தீங்கற்றதாக மாற்றும் திறன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மகப்பேறு மருத்துவர்:

பெண்களில், ஃபாலிக்கிள் நீர்மத்தில் இந்த அமிலங்கள் உயர்ந்திருக்கும்போது கருமுட்டையின் தோற்றத்தரம் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பருமனில் இன்சுலினும் அழற்சியும் சேர்ந்து செயற்படுவதால், கொழுப்பு அமிலத்தின் பங்கை மட்டும் தனியே பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் இங்கே மாட்டை மனிதருக்கு முன்மாதிரியாகக் கொள்ள வலுவான காரணம் உண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் பெரும்பாலும் ஒரே கருமுட்டைதான் முதிர்கிறது, ஃபாலிக்கிள் வளரும் கால அளவும் எலியைவிட மிக நெருக்கமானது. கார்பஸ் லூட்டியத்துக்கு மாட்டைப் பார்த்தது பிழையாயிற்று என்பதற்காக, கருமுட்டைக்கும் அதைப் பார்க்கக் கூடாது என்று சொல்ல முடியாது.

உயிர்வேதியியல் ஆசிரியர்:

புரோஸ்டாகிளாண்டின்களைப் பற்றியே பேசிவிட்டதால், மற்ற இரண்டு கொழுப்புச் சமிக்ஞைகளைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். லைசோபாஸ்பாட்டிடிக் அமிலத்தின் மூன்றாம் வகை ஏற்பி நீக்கப்பட்ட பெண் எலிகளில், கரு பதிவது தாமதமாவதோடு, கருக்கள் கருப்பை நெடுகிலும் சீரான இடைவெளியில் பரவாமல் ஓரிடத்தில் குவிந்துவிடுவதை 2005-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அவற்றின் கருப்பையில் காக்ஸ்-2 குறைந்திருந்தது. வெளியிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் கொடுத்தபோது தாமதம் சரியாயிற்று, குவிவது மட்டும் சரியாகவில்லை. ஆகவே ஒரே ஏற்பி இரண்டு வேலைகளை வெவ்வேறு வழிகளில் செய்கிறது. அடுத்தது, 1992-இல் கண்டறியப்பட்ட, உடலே உருவாக்கும் அனந்தமைடு. கருப்பதியும் இடத்தில் அதன் அளவு தாழ்ந்திருக்க வேண்டும்; மிகுந்தால் எலிகளில் கரு பதிவதில்லை. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி அதே ஏற்பிகளைப் பிடிப்பதால், கருத்தரிக்க முயல்வோரும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை.

ஆய்வு மாணவி:

ஒரே கருவைத் தாங்கும் மனிதக் கருப்பையில், கருக்களுக்கு இடையிலான இடைவெளி என்ற கேள்வியே எழாது. ஆனால் பன்றியில் எழும். ஒரே ஈற்றில் பத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் இடம்பிடிக்க வேண்டும். பிற இனங்களில் கருப்பை கருவை எப்படி அறிந்துகொள்கிறது என்பதையும் சொல்ல முடியுமா?

கால்நடை மருத்துவர்:

பன்றியில் 11, 12-ஆம் நாட்களில் கருக்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. கருப்பை பிஜிஎஃப்2 ஆல்ஃபா உற்பத்தியை நிறுத்துவதில்லை; அதை இரத்தத்துக்குள் விடுவதற்குப் பதிலாகக் கருப்பையின் உட்குழிக்குள் திருப்பிவிடுகிறது. உற்பத்தி ஆன இடத்திலேயே பூட்டிவைக்கப்படுவதால் சூலகத்துக்கு அது எட்டுவதில்லை.

குதிரையில் கரு ஓரிடத்தில் நில்லாமல் 16-ஆம் நாள் வரை கருப்பை முழுவதும் உலவி, எல்லாப் பகுதிக்கும் தன் வருகையைத் தெரிவிக்கிறது. அதற்கு முன்பே, கருக்குழாயில் இருக்கும்போது, கரு தானே பிஜிஇ2-வைச் சுரந்து குழாயின் தசையைத் தளர்த்திக் கருப்பைக்குள் இறங்குகிறது. கருவுறாத முட்டைகளுக்கு அந்தத் திறன் இல்லை. அவை கருக்குழாயிலேயே தங்கிவிடுகின்றன, பல மாதங்கள் கழித்தும் அங்கே காணப்படுகின்றன.

பால்பண்ணையாளர்:

பருவத்தை ஒருங்கிணைக்க எங்கள் மாடுகளுக்குக் குளோபுரோஸ்டினால் (பிஜிஎஃப்2 ஆல்ஃபாவைப் போன்ற செயற்கை மருந்து) ஊசி போடுகிறார்கள். ஊசி மருந்தை என் மருமகள் எடுத்து வைக்கிறாள். அவள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். மாட்டுக்கான மருந்து மனிதரைப் பாதிக்குமா? சில மாடுகள் ஊசிக்குப் பின்னும் பருவத்துக்கு வருவதில்லை, அது ஏன்?

கால்நடை மருத்துவர்:

ஐயா, முதலில் மருமகளை அந்த வேலையிலிருந்து இன்றே விலக்குங்கள். இந்த மருந்து தோலின் வழியாகவே உடலுக்குள் போகும். பெண்ணின் கார்பஸ் லூட்டியம் இதற்குப் பசுவைப்போல் இணங்காது என்பது உண்மை. ஆனால் அவளது கருப்பைத் தசை நன்றாகவே இணங்கும், கருச்சிதைவு நேரலாம். மூச்சுக்குழாயையும் இது சுருக்கும் என்பதால், ஆஸ்துமா உள்ளவர்களும் தொடக் கூடாது. மற்றவர்களும் நீர்புகாத கையுறை அணிய வேண்டும். மேலே தெறித்தால் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். தவறுதலாக ஊசி குத்திவிட்டாலோ மூச்சுத்திணறல் தோன்றினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், மருந்தின் பெயர் எழுதிய குப்பியைக் காட்ட வேண்டும்.

மகப்பேறு மருத்துவர்:

இதை நானும் வலியுறுத்துகிறேன். பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கை நிறுத்த நாங்கள் பயன்படுத்தும் கார்போபுரோஸ்ட் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்துமா உள்ள பெண்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. மருந்து ஏற்கெனவே அவள் தோலில் பட்டிருந்தாலோ, வயிற்று இறுக்கமோ இரத்தக் கசிவோ இருந்தாலோ, காத்திராமல் மகப்பேறு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கால்நடை மருத்துவர்:

பருவத்துக்கு வராத மாடுகளைப் பற்றி: முதிர்ந்த கார்பஸ் லூட்டியம் இல்லாத மாட்டில் இந்த ஊசியால் பயனில்லை. பருவம் முடிந்து முதல் 5 நாட்களுக்குள் இருக்கும் இளம் கார்பஸ் லூட்டியம் இதற்குக் கட்டுப்படாது. அதனால்தான் 11 முதல் 14 நாட்கள் இடைவெளியில் இரண்டாவது ஊசி போடுகிறோம். பயன் கிடைத்த மாடுகளும் 2 முதல் 5 நாட்களுக்குள் வெவ்வேறு நேரங்களில் பருவத்துக்கு வரும், ஏனெனில் அந்த வேளையில் ஃபாலிக்கிள் எந்த அளவுக்கு வளர்ந்திருந்தது என்பது மாட்டுக்கு மாடு வேறுபடும். ஊசி போடும் முன் ஒவ்வொரு மாட்டையும் சினை இல்லை என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள்; சினை மாட்டுக்குப் போட்டால் கன்று கலைந்துவிடும்.